வீட்டுக்குள் பியர்க் குழாய்: கண்ணுக்குத் தெரியாத இரண்டு விடயங்கள்

நலவாழ்வுப் பக்கத்தில் பியருக்கு என்ன வேலை என்று வாசகர்கள், குறிப்பாக வாசகிகள், கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாட்டில் முதன்முதலாகக் காய்ச்சப்பட்ட பியரே மருந்தாகத்தான் காய்ச்சப்பட்டது. 1773இல் கப்டன் ஜேம்ஸ் குக் தெற்குத் தீவின் டஸ்கி சவுண்டில் கப்பலை நிறுத்தியிருந்தபோது றிமு மரக் கிளைகளையும் மானுக்கா இலைகளையும் அவித்து, வெல்லப்பாகு சேர்த்துப் புளிக்க வைத்து மாலுமிகளுக்குக் கொடுத்தார். முரசு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கேவி நோயைத் தடுப்பது நோக்கம். அவித்துப் புளிக்க வைத்ததில் விற்றமின் சி பெரிதாக மிஞ்சியிராது என்பது பிற்காலத்தில் தெரிந்த சங்கதி.

இதற்கு நேர்மாறாக, நமது த்ரீ கிங்ஸ் அடங்கிய மவுண்ட் றொஸ்கில் பகுதி நீண்ட காலம் மதுக்கடை இல்லாத 'வறண்ட' பகுதியாக இருந்தது. 1999 வாக்கெடுப்பில்தான் அந்தத் தடை நீங்கியது. நாட்டில் கடைசியாக எஞ்சியிருந்த மூன்று வறண்ட பகுதிகளில் ஈடனும் றொஸ்கிலும் இரண்டு. இன்றோ கடைக்குப் போக வேண்டிய தேவைகூட இல்லை. கராஜுக்குள்ளேயே குழாயைத் திறந்து பியர் ஊற்றிக் கொள்கிறார்கள்.

இதற்குப் பயன்படும் சாதனத்தின் பெயர் கெகரேற்றர். ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குள் பியர்ப் பீப்பாயையும் காபனீரொட்சைட்டு வாயுச் சிலிண்டரையும் வைத்து, மேலே குழாய் பூட்டியிருப்பார்கள். பீப்பாயைத்தான் கெக் என்கிறார்கள். ட்ரேட் மீயில் பழைய கெகரேற்றர்கள் அடிக்கடி விலைக்கு வருகின்றன. அவற்றுள் பல மதுச்சாலைகளுக்கு வரும் 50 லீற்றர் கெக்குக்காகச் செய்யப்பட்டவை. வீட்டில் காய்ச்சுபவர்களிடம் இருப்பதோ பெரும்பாலும் 19 லீற்றர் கெக். முன்னொரு காலத்தில் கொக்கோகோலா, பெப்சி நிறுவனங்களின் பானங்களைக் கடைகளுக்குக் கொண்டுபோன எவர்சில்வர் கலங்கள்தான் அவை. ஆகவே பழைய பெட்டியை வீட்டு பியருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருக்கிறது. அப்படி மாற்றுவதில் வீட்டாருக்கு ஆபத்து உண்டா என்பதே கேள்வி.

உண்டு. ஆனால் பலரும் பயப்படும் இடத்தில் இல்லை.

கள்ளச்சாராயம் அல்ல

"வீட்டில் காய்ச்சியதா? கண் போய்விடும்" என்று பயப்படும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியை எல்லோரும் பார்த்தோம். அங்கே ஆட்களைக் கொன்றது மெதனோல் என்ற தொழிற்சாலை இரசாயனம். அதை யாரோ சாராயத்தில் கலந்திருந்தார்கள். தானாகப் புளிக்கும் கள்ளிலோ, பார்லி மாவூறலைப் புளிக்க வைக்கும் பியரிலோ ஆளைக் கொல்லும் அளவு மெதனோல் உண்டாவதில்லை. வடித்து எடுக்கும் சாராயம் வேறு கதை, அது இங்கே வேண்டாம்.

கிருமிப் பயமும் பெரிதல்ல. பியரில் மதுசாரம் இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, ஹொப்ஸ் பூவின் கசப்பு இருக்கிறது, ஒட்சிசன் இல்லை. நோய்க் கிருமிகள் இந்தச் சூழலில் பொதுவாக வளர்வதில்லை. வளர்பவை பியரைப் புளிக்கச் செய்து நாறடிப்பவை மட்டுமே. ஆகவே கெட்டுப்போன வீட்டு பியர் வாயைச் சுளிக்க வைக்கும், ஆனால் பெரும்பாலும் ஆளை விழுத்தாது.

பயப்பட வேண்டியவை இரண்டு: சிலிண்டரில் இருக்கும் வாயு, குடிப்பவர் கைவிடும் கணக்கு. இரண்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மாற்றும் வேலை

வேலை அப்படியொன்றும் கடினமல்ல. பழைய பெட்டியில் மதுச்சாலைக் கெக்கின் தலையில் பூட்டும் இணைப்பு ஒன்றிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, 19 லீற்றர் கெக்குக்குரிய இரண்டு சிறிய இணைப்புகளைப் பூட்ட வேண்டும். வழக்கமாகச் சாம்பல் நிறம் வாயுவுக்கு, கறுப்பு பியருக்கு. மாறிப் பூட்டினால் சிக்கிக்கொள்ளும். சிக்கியதை இழுத்துக் கழற்ற முயலுமுன் கெக்கின் அழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும்.

முன்னைய சொந்தக்காரர் பாவித்த ரியூப்களைக் கழுவிப் பார்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள். உணவுக்கு உகந்த புதிய ரியூப் சில டொலர்தான். பியர் ரியூப் சுமார் 5 மில்லிமீற்றர் உட்துவாரமும் 3 மீற்றர் நீளமும் இருந்தால், 4 பாகை குளிரிலும் 10 முதல் 12 பிஎஸ்ஐ அழுத்தத்திலும் நுரை பொங்காமல் ஊற்றும். நுரை வந்ததும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து விளையாடுவதுதான் பலரின் வழக்கம். காரணம் பெரும்பாலும் ரியூப் குட்டையாக இருப்பது அல்லது பெட்டி போதிய குளிரில்லாமல் இருப்பது.

ஊற்றும் குழாயையும் கவனிக்க வேண்டும். பழைய குழாய்கள் பல பித்தளையில் செய்து மேலே குரோமியம் பூசியவை. பித்தளையில் சிறிதளவு ஈயம் இருக்கலாம். பியர் புளிப்பானது, அது இரவு முழுதும் குழாய்க்குள் தேங்கி நிற்கும். காலையில் குடிதண்ணீர்க் குழாயைத் திறந்து முதல் அரை லீற்றரை ஓடவிடுங்கள் என்று இந்நாட்டுச் சுகாதாரத் துறை சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். பூச்சு உரிந்த பழைய குழாயை மாற்றி எவர்சில்வர் குழாய் போடுவது நல்லது.

கெகரேற்றர் வாங்காமல் சாதாரண பிரிட்ஜில் துளை போட்டுக் குழாய் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பக்கச் சுவர்களுக்குள் குளிரூட்டும் வாயு ஓடும் மெல்லிய குழாய்கள் மறைந்திருக்கலாம். இன்றைய வீட்டுப் பிரிட்ஜ்கள் பலவற்றில் ஓடுவது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடிய வாயு. துளையிடுவதானால் கதவில் மட்டும் இடுங்கள். பெட்டி வடிவ பிறீசர் என்றால் உடலைத் தொடாமல், மூடிக்குக் கீழே மரச் சட்டம் ஒன்று பூட்டி அதில் துளையிடுவதே முறை.

சிலிண்டரில் இருப்பது

காபனீரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. நாம் மூச்சுவிடும்போது வெளியேற்றுவதும் அதுதானே என்ற நினைப்பில் யாரும் பொருட்படுத்துவதில்லை. அது காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும்.

சாதாரணக் காற்றில் அதன் அளவு 100க்கு 0.04 பங்கு. எட்டு மணிநேரம் வேலை செய்யும் இடத்தில் 0.5 பங்கைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான எல்லை. 3, 4 பங்கானால் தலையிடி, மூச்சு வாங்கல், தலைச்சுற்றல் வரும். 10ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும்.

இப்போது வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். வீட்டுப் பாவனைக்கு விற்கும் சிலிண்டர் ஒன்றில் 2.6 கிலோ வாயு இருக்கும். முழுவதும் வெளியேறினால் சுமார் 1400 லீற்றர். 6 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலமுள்ள ஒற்றைக் கராஜில் அது 100க்கு 3 பங்கு. தலை சுற்றும், கதவைத் திறந்துகொண்டு வெளியே வரலாம். அதே சிலிண்டர் 2 மீற்றருக்கு 2 மீற்றர் உள்ள உடுப்புத் தோய்க்கும் அறையில் இருந்தால் 13, 14 பங்கு. வெளியே வர அவகாசம் இருக்காது. பொருள் ஒன்றுதான், வைக்கும் இடந்தான் வித்தியாசம்.

நமது வீடுகளில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் கராஜின் ஒரு மூலையையோ கீழ்த்தள அறையையோ தடுத்துப் படுக்கை போட்டுக் கொடுக்கிறோம். குளிர்காலத்தில் யன்னல்களை இறுக மூடி, கீழ் இடுக்கில் துணியும் செருகிவிடுகிறோம். வாயுச் சிலிண்டர் இருக்கும் இடத்தில் எவரும் படுக்கக்கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுப்பே கூடாது என்பது என் கருத்து. இடமில்லையென்றால் கெகரேற்றர்தான் வெளியேற வேண்டும்.

ஊரில் பாழ்கிணற்றைத் துப்பரவாக்க இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் இங்கே அதை நம்ப முடியாது. ஆளுக்குத் தலை சுற்றத் தொடங்கும் அளவில் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். வீட்டுக் கூரையிலுள்ள புகை அலாரமும் உதவாது. காபனோரொட்சைட்டு அலாரம் என்று கடையில் விற்பது வேறொரு வாயுவுக்கானது. காபனீரொட்சைட்டுக்கென்று தனி அலாரம் உண்டு. அடைத்த இடத்தில் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அதை வாங்கி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் மாட்டலாம்.

கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து எல்லா இணைப்புகளிலும் பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். அழுத்தமானி முள் அசையவில்லை, ஆகவே கசிவில்லை என்று எண்ணுவது தவறு. சிலிண்டருக்குள் வாயு திரவமாக இருக்கிறது. கடைசித் துளி திரவம் இருக்கும்வரை முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். மிச்சம் எவ்வளவு என்று அறிய ஒரே வழி நிறுப்பது. வெறும் சிலிண்டரின் எடை அதன் கழுத்தில் பதித்திருக்கும்.

சிலிண்டரைச் சங்கிலியோ பட்டியோ போட்டு நிமிர்த்திக் கட்டி வையுங்கள். நிரப்பிக் காரில் கொண்டு வரும்போது யன்னலைத் திறந்து விடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் அதை விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். 20 பாகையிலேயே உள்ளே அழுத்தம் 800 பிஎஸ்ஐயைத் தாண்டி நிற்கும், சூடேற ஏற அது வேகமாக உயரும். சிலிண்டரை ரெகுலேற்றர் இல்லாமல் எதனோடும் இணைக்கக்கூடாது. பெட்டி வடிவ பிறீசருக்குள் தலையை விட்டு வேலை செய்வதானால் முதலில் மூடியைத் திறந்து சில நிமிடம் விடுங்கள். கசிந்த வாயு கிணற்றில் நீர் நிற்பதுபோல் அதற்குள் நிற்கும்.

ஒருவர் மயங்கிக் கிடப்பதைக் கண்டால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். தூக்கப் போனவரும் விழுவதுதான் இத்தகைய விபத்துகளில் நடப்பது. வெளியிலிருந்து கதவுகளைத் திறந்து 111ஐ அழையுங்கள்.

கழுவுதல்

ரியூப்பையும் குழாயையும் இரு வாரத்துக்கொருமுறை கழுவ வேண்டும். கழுவும் தூளும், பிறகு கிருமி நீக்க விடும் அமிலத் திரவமும் தனித்தனிக் கடமை செய்பவை. முக்கியமானது ஒன்று: வீட்டு பிளீச்சை இதற்குள் கொண்டு வராதீர்கள். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். எவர்சில்வரையும் பிளீச் அரிக்கும். இன்னொன்று, இந்தத் திரவங்களைப் பழைய சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம். பிள்ளைக்கு அது சோடாதான்.

பிளாவின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் கள்ளை பனையோலைப் பிளாவில் குடித்த நாட்களில், "எத்தனை பிளா?" என்று கேட்டால் பதில் இருந்தது. போத்தலுக்கும் கணக்குண்டு, காலையில் மேசையில் நிற்பவற்றை மனைவி எண்ணிவிடுவார். குழாய்க்குக் கணக்கில்லை. வெறும் போத்தல் மிஞ்சாது. அரைக் கிளாஸ் இருக்கும்போதே, "அண்ணை, கிளாஸ் காலியாகுது, கொஞ்சம் விடட்டோ?" என்று நிரப்பிவிடுவார்கள். இரண்டு குடித்ததாக நினைப்பவர் நான்கு குடித்திருப்பார். பொய் சொல்கிறார் என்றில்லை, அவருக்கே தெரியாது. போதாக்குறைக்கு, கடைப் போத்தலில் மதுசாரத்தின் வீதம் அச்சிட்டிருக்கும், வீட்டுக் கெக்கில் ஒன்றுமிராது.

ஆகவே முதலில் வீதத்தை அறியுங்கள். நீரமானி ஒன்று போதும். புளிக்க வைக்குமுன் ஒருமுறை, புளித்து முடிந்தபின் ஒருமுறை அளந்து, வித்தியாசத்தை 131 ஆல் பெருக்குங்கள். 1.050இல் தொடங்கி 1.010இல் முடிந்தால் வித்தியாசம் 0.040, பியரின் பலம் 5.2 வீதம். பலம் கூட வேண்டுமென்று மேலதிகச் சீனி போட்டவர்களுடையது 7ஐயும் தொடும்.

நியூசிலாந்தில் ஒரு 'நியம பானம்' என்பது 10 கிராம் மதுசாரம். லீற்றரை வீதத்தாலும் பிறகு 0.789 ஆலும் பெருக்கினால் எத்தனை நியம பானம் என்று வரும். 425 மில்லிலீற்றர் கிளாஸில் 5 வீத பியர் 1.7 நியம பானம். 7 வீதமென்றால் ஏறக்குறைய 2.3. ஒரு கிளாஸை ஒன்று என்று எண்ணுபவர் தொடக்கத்திலேயே பிழைத்துவிடுகிறார்.

இந்நாட்டில் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வரும் ஆலோசனை, ஆண்கள் நாளொன்றுக்கு 3, வாரத்துக்கு 15 நியம பானத்தையும், பெண்கள் நாளொன்றுக்கு 2, வாரத்துக்கு 10ஐயும் தாண்டக்கூடாது, வாரத்தில் இரண்டு நாளாவது தொடவே கூடாது என்பது. கர்ப்பிணிகளுக்குப் பூச்சியம். இது பாதுகாப்பான அளவு என்று எண்ண வேண்டாம், ஆபத்துக் குறைந்த அளவு மட்டுமே. மதுசாரம் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே வகைப்படுத்திவிட்டது.

இனி கெக்கைக் கணக்கிடுவோம். 19 லீற்றரில் 5 வீத பியர் என்றால் 75 நியம பானம். ஓர் ஆண் மட்டும் குடித்தால், மேற்சொன்ன எல்லையிலேயே நின்றாலும், அது ஐந்து வாரம் வரவேண்டும். கெக்கைப் பூட்டும் நாளில் ஒரு துண்டில் திகதியை எழுதி ஒட்டிவிடுங்கள். தீரும் நாளில் இன்னொரு திகதி. விருந்தினர் குடித்ததைக் கழித்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் தீர்ந்திருந்தால் வாதாட ஒன்றுமில்லை. இடையில் பார்க்க விரும்பினால் குளியலறைத் தராசு உதவும். வெறும் கெக் சுமார் 4 கிலோ, மீதி எடை கிலோவுக்கு ஒரு லீற்றர் பியர்.

பெட்டியை மாற்றி அமைக்கும்போதே இந்தக் கணக்கையும் சேர்த்து அமைக்கலாம். 9 லீற்றர் சிறிய கெக் வாங்கலாம். பூட்டுள்ள குழாய் போடலாம், பிள்ளைகள் உள்ள வீட்டில் அது கட்டாயம். மாவும் சீனியும் குறைத்து 3.5 வீதத்தில் காய்ச்சினால் அதே கிளாஸ் 1.2 நியம பானமாகிவிடும். நன்றாகக் காய்ச்சத் தெரிந்தவருக்கு மென்மையான பியரைச் சுவையாகக் காய்ச்சுவதுதான் உண்மையான சவால் என்று இத்துறையில் ஊறியவர்களே சொல்வார்கள்.

நம்மவர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் ஒரு வார்த்தை. இன்சுலின் அல்லது கிளிக்ளசைட், கிளிப்பிசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு மதுசாரம் இரத்தச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம், அதுவும் மறுநாள் காலையில்கூட. வெறும் வயிற்றில் குடித்தால் ஆபத்து அதிகம். நடுக்கமும் தடுமாற்றமும் வெறியென்று நினைக்கப்பட்டு, ஆளைப் படுக்க விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் சீனியளவைப் பார்க்க வேண்டும். கவுட் என்ற மூட்டு வருத்தம் உள்ளவர்களுக்கோ எல்லா மதுவிலும் பியர்தான் மோசம். வடிகட்டாத வீட்டு பியரில் ஈஸ்ட் மண்டியும் சேர்கிறது.

விருந்து என்று வந்தால்

சொந்தப் பாவனைக்கு பியர் காய்ச்ச இங்கே உரிமமோ வரியோ தேவையில்லை. விற்கக்கூடாது. நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு விற்று உள்ளே இலவசமாகக் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது விற்பனையாகலாம், ஆகவே சங்க விழாவுக்கு யாரும் கெக்கோடு வரவேண்டாம். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு அவரது பெற்றோரின் தெளிவான சம்மதமின்றிக் கொடுத்தால் 2,000 டொலர் வரை தண்டம். நண்பனின் மகன்தானே என்பது சாட்டாகாது.

வாகனம் ஓட்டுவோருக்கான எல்லை 2014 டிசம்பர் 1 முதல் குறைக்கப்பட்டது. 20 வயதுக்கு மேற்பட்டவருக்கு மூச்சில் லீற்றருக்கு 250 மைக்ரோகிராம், 20க்குக் கீழ் பூச்சியம். உடல் ஒரு நியம பானத்தைக் கழிக்கச் சுமார் ஒரு மணிநேரம் எடுக்கும். கோப்பியும் குளிப்பும் அதைக் குறைக்காது. இரவு பன்னிரண்டு மணிவரை 7 வீத பியரில் நாலு கிளாஸ் குடித்தவரின் இரத்தத்தில் காலை ஏழு மணிக்கு, பிள்ளையை நீச்சலுக்குக் கொண்டுபோகும் நேரத்தில், இன்னும் மிச்சமிருக்கக்கூடும். விருந்துக்கு அழைப்பவர் படுக்கையையும் தயார்செய்து வைப்பது நல்லது. ஆனால் அந்தப் படுக்கை கெகரேற்றர் இருக்கும் கராஜில் வேண்டாம்.

உதவிக்கு

கழுவும் திரவத்தைப் பிள்ளை குடித்துவிட்டால்: தேசிய நஞ்சு நிலையம் 0800 764 766.
குடியைக் குறைப்பது பற்றிக் கதைக்க, உங்களுக்காகவோ வீட்டிலுள்ள ஒருவருக்காகவோ: மது மற்றும் போதைப்பொருள் உதவி இணைப்பு 0800 787 797.
வேறு சந்தேகங்களுக்கு: ஹெல்த்லைன் 0800 611 116. தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்று கேட்கலாம்.